ஓசை வராத பாடம்

ஒரு வகுப்பில் பாடம் நடக்கிறதா, இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்வித் துறை இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஆய்வாளர் தாழ்வாரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சத்தம் வந்தால் பாடம் நடக்கிறது. வராவிட்டால் வகுப்பை மூடிவிடலாம்.

மழலையர் வகுப்பு டீச்சருக்கு இதில்தான் வந்தது வம்பு. பேச்சு இன்னும் திருந்தாத வாண்டுகளுக்கு அவள் சைகையில் பாடம் நடத்தினாள். கட்டைவிரல் வாய்க்குப் போனால் தண்ணீர், இரண்டு கையும் விரிந்தால் ‘போதும்’, விரலை மடக்கினால் எண்ணிக்கை. அந்த வகுப்பில் சுருட்டை என்று ஒரு பயல். வாயிலிருந்து ஒரு சொல் வராது. வேண்டியது கிடைக்காவிட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். அவன் முதல்முறையாகக் கட்டைவிரலைத் தூக்கித் தண்ணீர் கேட்ட அன்று டீச்சர் அழுதேவிட்டாள். வகுப்பை மூடினால் அவன் மறுபடி சுவரைத்தான் தேடிப் போவான்.

ஆய்வாளர் வந்தார். தாழ்வாரத்தில் நின்று காதைத் தீட்டினார்.

“என்னம்மா, வகுப்பு காலியா?”

“பிள்ளைங்க நிறைஞ்சு கிடக்காங்க சார். உள்ள வந்து பாருங்களேன்.”

“பாக்கறது என் வேலை இல்லம்மா. அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு.”

“அவங்க எப்ப வருவாங்க?”

“ஆள் இன்னும் போடல.”

விவகாரம் மேலே போனது. இயக்குநர் இரக்க சுபாவம் உள்ளவர். மூடுவதற்கு முன் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ‘சைகைகள் இனிமேல் செவிக்குப் புலனாகும் வண்ணம் செய்யப்பட வேண்டும்’ என்று உத்தரவு பறந்தது. கூடவே ஒரு மூட்டை மணி வந்து இறங்கியது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒன்று கட்டினார்கள்.

கையை ஆட்டினால் சத்தம் வரும் என்று தெரிந்த பிறகு எந்தப் பிள்ளை எண்ணிக்கை படிக்கும்? கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

“அருமை! இப்பத்தான் பாடம் நடக்குது,” என்றார் ஆய்வாளர், காதைப் பொத்திக்கொண்டு.

பெற்றோருக்கு மணிப் பைத்தியம் பிடித்தது. மணி இல்லாத பிள்ளையோடு தெருவில் இறங்குவதே கௌரவக் குறைச்சல் ஆயிற்று. தொட்டில் பிள்ளைக்குக்கூடக் கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. சைகையை மட்டும் எந்தப் பெற்றோரும் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கெல்லாம் நேரம் ஏது?

பாராட்டு விழா வைத்தார்கள். டீச்சரை மேடையில் ஏற்றி, எழுந்திருக்க முடியாத பெரிய நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இயக்குநருக்குப் பேச்சைத் தொடங்கத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. கீழே சுருட்டைக்குத் தாகம். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினான்.

“ஐயோ, என்ன அழகா பண்றான்! இன்னொரு தடவை பண்ணுடா செல்லம்,” என்று அப்பா போனில் படம் பிடித்தார்.

அம்மாவிடம் காட்டினான். அந்தக் கட்டைவிரலுக்கு ஒரு முத்தம் கிடைத்தது. ஆய்வாளரிடம் காட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியோடு மல்லுக்கட்டி எழுந்தாள்.

“உக்காருங்கம்மா, உங்களைத்தான் புகழ்ந்துக்கிட்டு இருக்கேன்!” என்று இயக்குநர் அதட்டினார்.

அதற்குள் சுருட்டை மேடையேறி, மைக்குக்கு அடியில் நின்று அலறினான்.

“தண்ணி!”

அம்மா ஓவென்று அழுதாள். டம்ளரோடு ஓடிய டீச்சருக்கும் கண் நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் பிள்ளை பேசிவிட்டானே!

இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். “பேச்சு வந்துடுச்சு! திட்டம் முழு வெற்றி. ஆகவே, சைகை வகுப்பு இன்றோடு மூடப்படுகிறது.”

“சார், மத்தப் பிள்ளைங்க?”

“அவங்களுக்கும் தண்ணி குடுக்காதீங்க. தன்னால பேச்சு வரும்.”

அரங்கம் அதிர்ந்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர்கள், அந்த மற்றப் பிள்ளைகளைப் பெற்றவர்கள்.