உம் கொட்டிய ஊர்

பழவேற்காடு ஏரி பேசுகிறது என்றார்கள். நம்பாதவர்கள் வடமேட்டுக்குப்பத்துக்குப் போய் வரிசையில் நின்று கேட்கலாம் என்றும் சொன்னார்கள். ஆனால் காலை எட்டு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். ஆரம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். கோட்டைக்குப்பத்திலிருந்து படகில் வந்தார்கள். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வேன் பிடித்து, வீடியோ எடுக்கும் ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு கிடந்த ஏரிக்குச் சென்ற தை மாதம்தான் பேச்சு வந்தது. ஒருவர் அதன் தண்ணீரைப் பித்தளைச் செம்பில் மொண்டு காதில் வைத்துக் கேட்டார். அன்றிலிருந்து அவர் சொம்புச் சாமி. ஏரி அவரிடம் தமிழில் பேசும். தெலுங்குக்காரர் வந்தால் தெலுங்கில் பேசும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால் அது நியாயம்தான்.

சாமி காசைக் கையால் தொடமாட்டார். நண்டைத் தொடுவார். ஆளுக்கு ஒரு பச்சை நண்டு, உயிரோடு, கொடுக்கு உடையாமல் கொண்டுவர வேண்டும். மாலையில் ஒரு வேன் வந்து அவற்றை ஐஸ் பெட்டியில் அடைத்துக்கொண்டு போகும். நண்டுகள் எங்கே போகின்றன என்று ஏரியிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் ஊரே ஒரே கேள்வியோடு வந்து நின்றது. ஏரியில் இறால் இல்லை. ஏன்?

கடல் தண்ணீர் உள்ளே வந்தால்தான் இறால் குஞ்சு வரும். முகத்துவாரத்தை மண் மூடி ஏழு மாதமாகிறது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மண்ணை இழுத்துவந்து ஊர்க்கூட்டத்தில் நிறுத்த முடியாது. ஓர் ஆளை நிறுத்தலாம். சாமி ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

ஆளின் பெயர் கோமளா. திருப்பாலைவனத்தில் நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, இங்கே வாழ வந்தவள். கணவன் எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலையில் இருந்தான். இவள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொள்வாள். மற்றப் பெண்களுக்கு அரைப் பறி கிடைக்கும் நாளில் இவளுக்கு முக்கால் பறி கிடைக்கும். மற்றவர்கள் கரையேறிய பிறகும் இரண்டு மணி நேரம் தண்ணீரிலேயே கிடந்தால் யாருக்கும் கிடைக்கும். அதை யார் யோசிப்பது?

“ஏரியோட செல்வத்த அவ உறிஞ்சறா. இனிமே அவ கால் தண்ணில படக்கூடாது. ஆயுசுக்கும்” என்றது செம்பு. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வதாகத் தலைவர் தருமலிங்கம் அறிவித்தார்.

கோமளா அழவில்லை. “தண்ணில எறங்காம நான் இன்னா பண்றது? எனுக்கு வேற இன்னா தெரியும்?” என்று பக்கத்து வீட்டுப் பிரின்சியிடம் மட்டும் கேட்டாள்.

பிரின்சி சென்னையில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறாள். அந்தப் பருவத்தில் ‘பண்புசார் ஆராய்ச்சி முறைகள்’ என்று ஒரு பாடம். எண்களை அடுக்காமல் மனிதர்களிடம் பேசி, கூட இருந்து பார்த்து, கேட்டதைக் கேட்டபடி எழுதி ஆராய்கிற படிப்பு. ராபர்ட்டுக்கு, அதாவது அவளுடைய நைனாவுக்கு, இது பிடிபடவே இல்லை. “ஊர்க்கத கேக்கறதுக்கா நீ பஸ் ஏறிப் போயி படிக்கற? அத நம்ம டீக்கடைலயே சொல்லிக் குடுப்பானே” என்பார்.

பேராசிரியை சரோஜா மூன்று விதிகளை மண்டையில் ஏற்றியிருந்தார். பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதே. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. பதிவைக் கேட்டு எழுதும்போது ஒரு எழுத்தைக்கூட விடாதே. பிரின்சி முதன்முதலில் எழுதிக் கொடுத்த பேட்டியைச் சிவப்பு மையால் கோடு கிழித்துத் திருப்பித் தந்தார்.

“இதுல ‘ம்’ எல்லாம் எங்கம்மா?”

“அது சும்மா உம் கொட்டறது மேடம்.”

“யாரு, எதுக்கு, எந்த இடத்துல உம் கொட்டினாங்கன்றதுதாம்மா பாதி விஷயம். திரும்ப எழுது.”

களப்பணிக்கு எந்த ஊர் என்று தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை. சொந்த ஊரிலேயே ஏரி பேசுகிறது. அந்த வாரத் திங்கட்கிழமை, கோமளாவின் பெயர் அடிபடுவதற்கு முன்பே, பிரின்சி ஒப்புதல் படிவங்களோடு வந்து இறங்கியிருந்தாள். ‘குறி கேட்பவரின் பெயர் வெளியிடப்படாது. ஆய்வின் முடிவு ஊரோடு பகிர்ந்துகொள்ளப்படும்.’ எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சாமியும் போட்டார். ஒரு திருத்தம் மட்டும் கேட்டார்.

“என் பேர மட்டும் மறைக்காத. பெருசா போடு.”

செம்புக்குப் பக்கத்தில் செல்போனைப் பதிவில் வைத்துவிட்டுப் பிரின்சி தினமும் வெளியே வந்துவிடுவாள். சாமியையும் ஒருநாள் பேட்டி எடுத்தாள். “முன்னாடி இன்னா வேல சாமி?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சும்மா இருப்பது சாமிக்குத் தாங்கவில்லை.

“சோப்பு கம்பெனிக்கு வீடு வீடா போயி கேள்வி கேப்பேன். இன்னா சோப்பு, எத்தினி பேரு குளிக்கறீங்கன்னு. அப்போ பேரு சந்தோஷ். இத அப்படியே எழுதிக்கோ.”

பிரின்சி அப்படியே எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்து பதிவுகளை எழுத ஆரம்பித்தாள். முதல் ஆள். இரண்டாம் ஆள். மூன்றாம் ஆள். நான்காவது ஆள் தொண்டையைச் செருமியதுமே அவள் கை நின்றுவிட்டது. அந்தச் செருமலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடல் குழுவில் முதல் வரிசையில் நின்று செருமுகிற செருமல் அது. செவ்வாய்க்கிழமை செம்பிடம் வந்திருக்கிறது.

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. நைனா வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சரோஜா மேடத்துக்குப் போன் செய்தாள்.

“மேடம், ஒரு ஆளோட பதிவ மட்டும் எடுத்துடலாமா?”

“ஏன்?”

பிரின்சி சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரே பதில்தான் வந்தது. “பேர எழுதாத. சொன்னத மாத்தாத.”

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஏரிக்கரையில் வலை பின்னும் கூடத்தில் ஊர் கூடியது. சாமி செம்போடு நடுவில் உட்கார்ந்தார். கோமளா பறியோடு ஓரமாக நின்றாள். தருமலிங்கம் தீர்ப்பைச் சொல்ல வாயெடுக்கும்போது பிரின்சி எழுந்தாள்.

“தலைவரே, ஆராய்ச்சி முடிவ ஊருக்குச் சொல்றதா கையெழுத்து வாங்கிகிறேன். சாமியோட அருள்வாக்க ஒரு எழுத்து மாத்தாம படிக்கறேன்.”

சாமி முகம் மலர்ந்தது. அருள்வாக்கை வாசித்தால் எந்தச் சாமிதான் வேண்டாம் என்பார்?

பிரின்சி வாசித்தாள். முதல் ஆளிடம், ஏரியின் தோஷத்துக்கு ஓர் ஆம்பிளை காரணம் என்றது செம்பு. அவர் உம் கொட்டவில்லை, ஆம்பிளை கைவிடப்பட்டான். இரண்டாம் ஆளிடம், வெளியூர்ப் படகு காரணம் என்றது. அதற்கும் உம் விழவில்லை. மூன்றாம் ஆளிடம், முன்னோர் சாபம் என்றது. “எங்க தாத்தா தங்கமான மனுசன் சாமி” என்று பதில் வந்தது. சாபம் வாபஸ் ஆனது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாமி செம்பை மடியில் வைத்துக்கொண்டார்.

“நாலாவது ஆள்” என்றாள் பிரின்சி. தொடர்ந்து வாசித்தாள்.

“சாமி: மூணு மாசமா மனசுல ஒரு பாரம்.

நாலு: ம்.

சாமி: ஒரு பொம்பள வாசம் அடிக்குது. உள்ளூரா, வெளியூரா?

நாலு: வெளியூர்லேந்து வந்த பொண்ணா சாமி?

சாமி: வெளியூர்னுதான் ஏரியும் சொல்லுது. வந்த தெச எது, மேற்கா?

நாலு: ம். திருப்பாலைவனம்.

சாமி: திருப்பாலைவனம். பாத்தியா. அவ கை தண்ணியிலயே கீது.

நாலு: ம். எறா பொறுக்கறா. எல்லாருக்கும் அர பறின்னா அவளுக்கு முக்கா பறி. கோமளாவையா சொல்றீங்க?

சாமி: நான் சொல்லல. ஏரி சொல்லுது.”

பிரின்சி தாளை மடித்தாள். “அஞ்சாவது ஆள்லேந்து சாமியே சொல்றாரு, திருப்பாலைவனம், ‘கோ’ல ஆரம்பிக்கற பேருன்னு. நீங்க எல்லாரும் ஆச்சரியப்பட்டீங்க. அந்தப் பேரு சாமி வாய்ல வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊரு வாய்லதான் வந்துகிது.”

“யாருய்யா அந்த நாலு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“பேரு சொல்லமாட்டேன், கொரலயும் போட்டுக் காட்டமாட்டேன்” என்றாள் பிரின்சி. “எழுதிக் குடுத்துகிறேன்.”

“பேரு சொல்லலன்னா நீயே எழுதிக்கினதுனு ஆயிடும் பொண்ணே” என்றார் தருமலிங்கம். “ஆளக் காட்டு. இல்லன்னா தீர்ப்பு தீர்ப்புதான்.”

பிரின்சி மடித்த தாளைப் பைக்குள் வைத்தாள். கோமளா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“நான்தான் அந்த நாலு” என்று ராபர்ட் எழுந்தார். “மெய்யாலுமே பேர சாமி சொன்னதாதான் இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன். இப்பதான் தெரியுது, சொன்னது நானு.”

சாமி சும்மா இருப்பாரா? “ஏரிதான் உன் நாக்குல ஏறிப் பேசிச்சு ராபர்ட்டு” என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் உடனே உம் கொட்டினார்கள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

“அப்ப இன்னொரு தபா ஏரியக் கேப்போம்” என்றாள் பிரின்சி. “கோமளா அக்கா பறியில ஒண்ணு கீது. காலைல நாங்க ரெண்டு பேரும் போயி ஏரியிலேந்து எடுத்தது. அது இன்னானு ஏரிக்குத் தெரியும்ல? சொம்பக் கேட்டு சாமி சொல்லட்டும். ஒரே ஒரு கண்டிசன். யாரும் உம் கொட்டக்கூடாது. தலையும் ஆட்டக்கூடாது.”

கோமளா சாமிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். வேலைக்கு இறங்கும்போது செய்வதைப்போலவே, பறியின் வாயை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அப்படி வாய் பேசாமல் கிடந்து பழகிய முகம் அது.

சாமி செம்பைக் காதில் வைத்தார். “உசுரு உள்ளதா, இல்லாததா?” என்றார். கோமளா பார்த்தாள். “உசுரு இருந்தது… இப்ப இல்ல.” கோமளா பார்த்தாள். “எறாதான். இல்ல, எறா மாதிரி… தலமுடியா? எலுமிச்சம்பழமா?” கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் வாயை மூடிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் தலையாட்டப் போக, அவர் மனைவி அவருடைய பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். சாமி ராபர்ட்டைப் பார்த்தார். ராபர்ட் கூரையைப் பார்த்தார்.

“ஏரி தூங்குது” என்றார் சாமி.

“மட்ட மத்தியானத்திலயா?” என்றார் தருமலிங்கம்.

கோமளா பறியை வாயிலிருந்து எடுத்து, சாமியின் முன்னால் கவிழ்த்தாள். மண் கொட்டியது. ஈரமான, வெளுத்த மண்.

“மொகத்துவாரத்து மண்ணு” என்றாள். “இதுதான் எறால உள்ள வுடாம அடைச்சிகினு கீது. படகு எடுத்துகினு போயி பாத்தா எவனுக்கும் தெரியும். இதுக்கு சொம்பு எதுக்கு? நான் இன்னா பண்ணேன் உங்களுக்கு?”

தருமலிங்கம் தீர்ப்பு எழுதிவந்த காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். சாமி எழுந்து துண்டை உதறினார். போகிறபோக்கில் பிரின்சியிடம் மெதுவாகச் சொன்னார்.

“நீயும் ஜனங்க வாயக் கிளறித்தான் கேக்கற. நானும் அப்படித்தான் கேக்கறேன். நீ கேட்டா படிப்பு, நான் கேட்டா டபாய்க்கறதா?”

“யாரு சொன்னதுன்னு நான் எழுதி வெக்கறேன் சந்தோஷ் அண்ணே” என்றாள் பிரின்சி. “நீங்க அத ஏரி பேர்ல எழுதறீங்க.”

அன்று மாலை வந்த வேன் நண்டு இல்லாமல் திரும்பிப் போனது. சாமியை ஏற்றிக்கொண்டு போனது என்று சிலர் சொல்கிறார்கள். செம்பு மட்டும் கூடத்தில் கிடக்கிறது. காதில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பித்தளை வாசனை வந்ததாம்.

அதற்கு முன்பே, மதியம் கூட்டம் கலையும்போது ராபர்ட், கோமளாவிடம் போய் நின்றார்.

“தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சுக்க.”

கோமளா அவரைப் பார்த்தாள். காலிப் பறியை உதறி, பல்லில் கடித்துக்கொண்டு, ஏரிக்குள் இறங்கினாள். உம் கொட்டவில்லை. கொட்டியிருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இதுவரை வாசித்த நீங்கள் எத்தனை இடத்தில் தலையாட்டினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நானும் ஒரு கதைசொல்லிதான். என் பேச்சுக்கும் சும்மா உம் கொட்டிவிடாதீர்கள். அடுத்தமுறை ஒருவர் உங்கள் மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டார் என்று வாயைப் பிளப்பதற்கு முன்னால், அதை அவர் காதில் முதலில் போட்டது யார் என்று யோசியுங்கள். செம்பில் தண்ணீர்தான் இருக்கும். உங்கள் தலையிலும் அதுவேதானா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.