கொத்தமல்லி முதலாளியின் சிங்கள வகுப்பு

இந்த நாட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடங்களை நினைத்து உண்மையாகவே சோறு இறங்காமல் தவித்த ஒரே மனிதர் கொத்தமல்லி முதலாளிதான். கொழும்பு புறக்கோட்டையில் கொத்தமல்லி மொத்தக் கடை வைத்திருந்தார். ஆளுக்கு முன்பே வாசனை வந்துவிடும் என்பதால் கொட்டாஞ்சேனை முழுக்க அவருக்கு அதுதான் பெயர்.

சண்டைக் காலம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் அரசாங்கத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த புது டீச்சர். பள்ளிக்கூடங்களை எப்படிச் சீர்திருத்தலாம் என்று வியாபாரிகள் சங்கம் ஒரு கூட்டம் போட்டது. பள்ளிக்கூட அதிபர் என்னை அனுப்பினார். ஒருவர் கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். இன்னொருவர், பிள்ளைகளுக்கு டை கட்டினாலே பாதி சரியாகிவிடும் என்றார். கொத்தமல்லி முதலாளி எழும்பினார்.

"எல்லாம் சரிங்க. செக்பாயிண்ட்ல நிப்பாட்டினா நம்ம புள்ளைக்கு வாய் தொறக்கத் தெரியுதா? மொதல்ல சிங்களம் சொல்லிக் குடுங்க. அவங்க புள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கட்டும்."

"ஆர் ஐயா படிப்பிக்கிறது?" என்று கேட்டுவிட்டேன்.

"நான்தான்."

அந்த வெள்ளிக்கிழமையே பள்ளி விட்டதும் வந்து நின்றார். அதிபர் மறுக்க வாயெடுப்பதற்குள் கரும்பலகையைத் துடைத்துவிட்டார். "டீச்சரும் பெஞ்சில உக்காருங்க." உட்கார்ந்தேன். அவருக்குத் தெரிந்ததோ கடைச் சிங்களம் மட்டும். நாற்பது பிள்ளைகளும் நானும் "பலலா கன்ன மஹத்தயா" என்று கூவினோம். பார்த்து வாங்குங்கள் ஐயா என்று அர்த்தம். யாராவது மெதுவாகச் சொன்னால், "இந்தச் சத்தத்துக்கு யாரும்மா வாங்குவா?" என்பார்.

ஒரு மாதம் போயிருக்கும். நான் வந்த பஸ்ஸை செக்பாயிண்டில் ஆமிக்காரர்கள் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்ணால் சிங்களத்தில் பதில் சொல்ல முடியவில்லை, ட்ரக்கில் ஏற்றினார்கள். சிப்பாய் என் பையைக் காட்டி எதையோ கேட்டான். வகுப்பில் கூவியதுதான் வாயில் வந்தது.

"ஒக்கொம ஹொந்த படு. பலலா கன்ன மஹத்தயா." எல்லாம் நல்ல சாமான், பார்த்து வாங்குங்கள்.

பையைத் திறந்தான். உள்ளே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கொப்பிகள். என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்து, பக்கத்தில் நின்றவனையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க தப்பிச்சிட்டீங்க. அந்தப் பொண்ணு?"

"தெரியாது, ஐயா."

அடுத்த வெள்ளி, பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளியிடம் மூன்று வசனம் எழுதி வாங்கி வந்தார். என் பெயர் இது. என் வீடு இங்கே. வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லும்வரை யாரையும் அவர் வீட்டுக்கு விடவில்லை.

சங்கத்தின் யோசனைகள் அச்சாகி வந்தன. கம்ப்யூட்டர் இருந்தது, டை கூட இருந்தது. அவர் சொன்னது இல்லை. அதற்காக அவர் வருவதை நிறுத்தவில்லை. இரண்டு வருடம் வந்தார். பிறகு திருச்சியில் இருந்த மகள் பயந்துபோய் அவரைத் தன்னிடமே அழைத்துக்கொண்டாள்.

இன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் ஒரு பாடம். நல்ல புத்தகம், பயிற்சி பெற்ற டீச்சர். இதை அவருக்கு எழுதிச் சொல்ல வேண்டும். அவர் போகிற அன்று விலாசம் வாங்கி வைக்காததற்கு என்னை நானே இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறேன்.