கேட்காமல் நிழல் தருபவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. யாரும் கேட்காமலே மற்றவர்களைக் குளிரவைத்தே தீருவேன் என்று கிளம்பியவர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். சுட்டதுபோலக் கையை உதறுவார்கள். மேற்கு ஜன்னலைப் பார்த்து, கைவிட்ட நோயாளியைப் பார்க்கும் டாக்டர் மாதிரி 'ச்சு' கொட்டுவார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை யாரென்று விசாரிக்காமல் கூரையில் என்ன போட்டிருக்கிறது என்று விசாரிப்பார்கள். சாப்பிடக் கூப்பிட்டால்? "முதல்ல காருக்கு சார்ஜ் போடணும், பிளக் எங்க இருக்கு?"

பாங்காக்கை அடுத்த நொந்தபுரியில் வசிக்கும் கட்டட வடிவமைப்பாளர் கித்திபோங் இந்த இனத்தில் அசல் வித்து. அவருடைய சொந்த அறையில் ஏசி பதினெட்டில் ஓடும். அது ஆராய்ச்சிக்காக.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை, லம்துவன் அம்மாளின் நூடுல்ஸ் கடை. மண்கல் சுவர், காற்றுப் போக வழி, கடைக்கு முன்னால் சோலார் தகடு வேய்ந்த பெரிய கூரை. மின்சார டாக்ஸிக்காரர்கள் அதன் கீழே வண்டிக்கு சார்ஜ் போட்டுவிட்டு உள்ளே வந்து சாப்பிடலாம். திறப்பு விழாவுக்கு முதலீட்டாளர்கள் வருகிறார்கள். அவர்கள் தலையசைத்தால் தொழில் உண்டு. இல்லையென்றால் மாமனாரின் டைல்ஸ் கடையில் ஒரு நாற்காலி காத்திருக்கிறது.

தகடுகளை விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் மாட்டியிருந்தார்கள். காலையில் ஊதுபத்தியும் சிவப்புச் சோடாவுமாக, வாசலில் தூண்மேல் நிற்கும் நிலத்துச் சாமியின் குட்டி வீட்டுக்கு வந்த லம்துவன் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, சாமி வீட்டுமேல நிழல் விழுதேப்பா!"

"ஆமா பெரியம்மா! வருஷம் பூரா விழும். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டேன்."

"கட்டட நிழல் சாமிமேல விழலாமா? உங்க வீட்ல சொல்லித் தரலையா?"

சொல்லித் தராமல் என்ன? தாய்லாந்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் படித்தவருக்குச் சமாதானம் சொல்லவும் தெரியுமே!

"வீட்டு நிழல்தான ஆகாது? இது வண்டிக் கொட்டகை. சாமிக்கு அஞ்சு டிகிரி வெக்கை கொறையும், பெரியம்மா."

"வெக்கை தாங்கலன்னு சாமி வந்து உங்கிட்ட அழுதுச்சா?"

டாக்ஸிக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவர்கூட வயரைத் தொடவில்லை. "சாமிய இருட்டுல வெச்சுட்டு கரண்ட் புடிக்கச் சொல்றீங்களே அண்ணே! நாங்க பத்திரமா ரோட்ல ஓட வேணாமா?"

"சாமி வீட்டக் கொஞ்சம் நகத்தி வெச்சா..."

"நான் வர்றதுக்கு முன்னாடியே அது இங்க இருக்கு. நேத்து வந்தவன் நீ. நீ நகரு."

காற்று எந்தப் பக்கம் அடிக்கும், வெயில் எந்த மாதம் எங்கே சாயும் என்றெல்லாம் மாதக்கணக்கில் விசாரித்தவர், கடைக்காரம்மாவை ஒரு வார்த்தை விசாரித்தாரா? கோட்டைக் கழற்றி வைத்தார். இணைப்பைத் துண்டித்து, ஏணியில் ஏறி, தன் கையாலேயே இரண்டு தகடுகளைக் கழற்றி, மற்றவற்றுக்கு மறுபடி இணைப்புக் கொடுத்தார். பாவமாகத்தான் இருந்தது. வெயில் சாமி வீட்டின்மேல் விழுந்தது. லம்துவன் சோடாவில் உறிஞ்சுகுழல் போட்டு வைத்தார். டாக்ஸிக்காரர்கள் கும்பிட்டுவிட்டு வயரைச் சொருகினார்கள்.

அப்போதுதான் முதலீட்டாளர்கள் வந்தார்கள். அவர்களில் பெரியவர் அண்ணாந்து பார்த்தார். "கூரையில என்ன ஓட்டை?"

"ஊர் வழக்கம் சார். இந்த மண்ணு மனுஷங்ககிட்ட மொதல்ல கேட்டுட்டுத்தான் நான் பென்சிலையே தொடுவேன்!"

விழுந்தவர் மீசையில் மண் ஒட்டவில்லை. லம்துவன் கரண்டியால் பாத்திர விளிம்பை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பெரியவர் தலையசைத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரம்மா வெளியே போயிருந்த சமயம், அவருக்கு வசதியாக இருக்கட்டுமே என்று அடுக்களை டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினீர்களாமே? அவர் இன்னும் உப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.