ஹெரல்டின் கடைசிச் சுரமும் என் மைத்துனரின் பொன்னாடையும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இந்தக் கனடாவில் ஒரு துப்புரவுக் கொம்பனி தொடங்கினேன். இன்று நாற்பது பேர் அதில் வேலை செய்கிறார்கள். மார்க்கம் நகரில் வீடு கட்டினேன் (கட்டுவித்தேன் என்று மனைவி திருத்துவாள்). ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில், கூரை ஒழுகிக்கொண்டிருந்த தளபாடக் கடையை வாங்கி, முந்நூறு பேர் இருந்து சாப்பிடும் மண்டபமாக்கினேன். உது சரிவராது என்று சிரித்த வங்கி மனேஜர், தன் மகளின் கலியாணத்தை அங்கேதான் வைத்தார். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதத் தெரியாமலே இவ்வளவும் செய்தவனுக்கு ஒரு ட்ரம் அடிக்க வராதா என்று நான் நினைத்ததில் என்ன பிழை?

பக்கத்து வீட்டு ஹெரல்டுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. ஏரிக்கு அக்கரையில், அமெரிக்காவின் தொழிற்சாலை நகரம் ஒன்றில் பிறந்து, கலியாணம் முடித்து இங்கே வந்தவர். பனி தள்ளும்போது அவர் என்னோடு பேசுவது ஒரே விஷயம்தான்: சிறுவயதில் தான் இருந்த ட்ரம் அன்ட் பியூகிள் கோர். ட்ரம்மும், பியூகிள் என்ற பித்தளை ஊதுகுழலும் மட்டும் வைத்துக்கொண்டு, பட்டாளத்தார் போல நடந்தபடியே வாசிக்கும் பிள்ளைகளின் அணி அது. போரிலிருந்து திரும்பிய தகப்பன்மார் பழக்கினார்களாம். தாய்மார் உடுப்புத் தைத்தார்களாம். கோடை முழுவதும், தார் இளகும் வெயிலில், கார் நிறுத்தும் இடத்தில் பயிற்சி. வார இறுதியில் பழைய பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போட்டி. வாசிக்கும்போது நடுவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கீறு போடுவாராம். ஒரு கீறென்றால் பத்திலொரு புள்ளி போச்சு.

"மூக்கில இலையான் வந்து மொய்ச்சாலும் அசையக்கூடாது, சிவா," என்பார். (நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். தமிழில் எழுதும்போது என் ஆங்கிலம் மிகவும் நன்றாக இருக்கிறது.)

அவர்களுடைய கடைசிப் பாட்டில் ஓர் இடம் உண்டு. அணி முழுவதும் சட்டென்று நிற்கும். எட்டு எண்ணும் வரை ஒரு சத்தமும் இல்லை. எட்டில் பெரிய ட்ரம் ஓர் அடி. அதோடு ஹெரல்டின் பியூகிள் தனியாக ஒரே ஒரு நீண்ட சுரம். பதினாறு வயதில், பெரிய போட்டி ஒன்றில், ஹெரல்ட் ஆறிலேயே ஊதிவிட்டார். பத்திலொரு புள்ளியால் தோற்றார்கள்.

"திரும்பி வரும்போது பஸ்ஸில ஒருத்தரும் என்னை ஏசேல்லை, சிவா. ஏசியிருந்தா மறந்திருப்பன்."

நுரையீரல் பழுதாகிவிட்டது, இனி ஊதக்கூடாது என்று டொக்டர் சொன்ன வருடம், மிச்சமிருந்த பழைய கூட்டாளிகள் நாலு பேரை அவர் ரொறன்ரோவுக்கு அழைத்தார். ஒரே ஒரு முறை, எட்டு வரை பொறுத்து, அந்தச் சுரத்தைச் சரியாக ஊத வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் இடம் இல்லை. பெரிய ட்ரம் அடித்தவரும் செத்துப்போனார்.

"மண்டபம் என்னுடையது. ட்ரம்மும் நான்தான்," என்றேன்.

அன்று பின்னேரம் மனைவி தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, பள்ளிக்கூட பாண்டில நீங்கள் ட்ரம் தூக்கினதெண்டுதான் மாமி சொன்னவ. அடிச்சதெண்டு ஒருநாளும் சொல்லேல்லையே?"

(உண்மைதான். ட்ரம் என் முதுகில் இருக்கும். அடிக்கிறவன் எனக்குப் பின்னால் வருவான். ஆனால் அந்தத் தாளம் என் முதுகெலும்பிலேயே இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.)

ஒத்திகைக்கு வந்த நாலு பேரில் டொரத்திதான் தலைமை. அந்தக் காலத்தில் கொடி பிடித்தவர். ஊன்றுகோலோடு வந்தார், கொடியைக் கையில் எடுத்ததும் ஊன்றுகோல் தேவைப்படவில்லை. "நீ எந்த கோரில இருந்தனீ?" என்று கேட்டார். "யாழ்ப்பாணத்தில்," என்றேன். அப்படி ஒரு கோரைத் தான் கேள்விப்படவில்லை என்றார். இரண்டு சட்டம் சொன்னார். கொடிக்கும் அணிக்கும் நடுவில் எவரும் குறுக்கே போகக்கூடாது. அவர் கட்டளை தரும் வரை எவரும் அசையக்கூடாது. தலையாட்டினேன்.

நான் செய்த பிழை வேறு. என் மண்டபத்தில் பொன்னாடை இல்லாமல் ஒரு நிகழ்ச்சி நடந்ததில்லை. ஹெரல்டுக்குக் கடைசியில் ஒரு பொன்னாடை போர்த்தாவிட்டால் என் மானம் என்னாவது? மனைவியின் தம்பி குணத்திடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தேன்.

"அத்தான், முடிஞ்சுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சத்தம் நிண்டா முடிஞ்சுதுதானே, விசரா!"

எட்டு எண்ணும் மௌனத்தைப் பற்றி அவனிடம் ஒரு சொல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் அறுபது பேர் வந்திருந்தார்கள் (மட்டன் ரோல்ஸ் உண்டு என்று சொல்லியிருந்தேன்). ஹெரல்ட் பழைய உடுப்பில், ஒரு முழ உயர இறகு வைத்த தொப்பியோடு, விறைப்பாக நின்றார். பாட்டு தொடங்கியது. நானும் அடித்தேன். ஒன்றிரண்டு அடி தப்பியிருக்கலாம். வயதுபோனவர்கள், பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள். பிறகு எல்லாம் நின்றது. ஹெரல்ட் பியூகிளை உதட்டில் வைத்தார். அவர் அறுபது வருடத்துக்கு மேலாகக் காத்திருந்த மௌனம் வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்றில் குணம் எழும்பினான்.

என்னால் கத்தவும் முடியாது, அசையவும் முடியாது. நாலில் அவன் கொடிக்கும் எங்களுக்கும் நடுவால் சிரித்துக்கொண்டே வந்தான். டொரத்தியின் கண்மணிகள் மட்டும் அவனோடு நகர்ந்தன. குணம் கட்டையன், ஹெரல்ட் ஆறடி, அதற்கு மேல் இறகு. தோளுக்கு எட்டாததால் ஐந்தில் பொன்னாடையை வீசினான். அது இறகு, தொப்பி, முகம், பியூகிள் எல்லாவற்றையும் சேர்த்து மூடியது. அறுபது பேரும் கைதட்டினார்கள். "அங்கிள், இஞ்சால பாருங்கோ!" என்று போட்டோக்காரர் வேறு. குணம் கும்பிட்டபடி படத்துக்கு நின்றான்.

ஹெரல்ட் அசையவில்லை. சரிகைத் துணிக்குள் ஒரு தூண் போல நின்றார்.

ஆறு. ஏழு. எட்டில் அடித்தேன்.

துணிக்குள்ளிருந்து அந்தச் சுரம் வந்தது. மெதுவாக, மூச்சுக்குக் கிட்ட இருக்கும் ஒரு சத்தம். சரிகைக்கரை நடுங்கியது. கைதட்டல் தானாகவே அடங்கியது. அந்த நுரையீரலில் அவ்வளவு காற்று எங்கே இருந்ததென்று தெரியவில்லை. நீண்டுகொண்டே போய், பிறகு எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியாமல் நின்றது. முன்வரிசையில் ஒருவர் ரோல்ஸைக் கடித்தபடி மெல்லாமல் இருந்தார்.

டொரத்தி கட்டளை தந்தார். நான் ஓடிப்போய்த் துணியை விலக்கினேன். ஹெரல்டின் முகம் நனைந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எத்தினை?" என்று டொரத்தியிடம் கேட்டார்.

"எட்டு," என்றார் டொரத்தி. "முழுசா எட்டு." பிறகு குணத்தின் பக்கம் திரும்பி, "போட்டியெண்டா உன்னால நாங்கள் தோத்திருப்பம்," என்றார்.

"பரவாயில்லை அன்ரி. ரோல்ஸ் எடுத்தனீங்களோ?" என்றான் அவன்.

அடுத்த வருடம் ஹெரல்ட் போய்விட்டார். பெட்டியின்மேல் இறகுத் தொப்பியும், மடித்த பொன்னாடையும் வைத்திருந்தார்கள். அப்படி வைக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தாராம். அந்த இடத்தில் நான் அழுதேன், அதை மறைக்கவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்காவது பொன்னாடை போர்த்தினால், என் மகள் பின்னாலிருந்து "ஒண்டு, ரெண்டு..." என்று தொடங்குவாள். எட்டு வரும்வரை பொன்னாடை போர்த்தப்பட்டவருக்கு அசைய அனுமதி இல்லை. போன மாதம் ஒரு பாவப்பட்ட கவுன்சிலரும் அப்படி நின்றார்.

அதையெல்லாம் நான் பொறுப்பேன். பொறுக்க முடியாதது வேறொன்று. டொரத்தியின் ஆட்கள் கோரின் நினைவுகளை ஒரு புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அந்த நாளின் படம். கீழே எல்லாருடைய பெயரும் இருக்கிறது. "பொன்னாடை போர்த்துபவர்: திரு. குணம்" என்றுகூட ஆங்கிலத்தில் இருக்கிறது. என் பக்கத்தில் மட்டும், "ட்ரம்: பக்கத்து வீட்டுக்காரர்."

"உங்கட கை பயத்தில நடுங்கி ட்ரம்மில பட்டது, அவ்வளவுதான்," என்கிறாள் மனைவி. அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அடுத்த நாள் வேலிக்கு மேலால் ஹெரல்ட் என்னிடம் சொன்னார்: "துணிக்குள்ள ஒண்டும் தெரியேல்லை, சிவா. கைதட்டலில எண்ணிக்கையும் விட்டுப்போச்சு. உன்ர அடியைக் கேட்டுத்தான் ஊதினனான்." அப்போது வேறு யாரும் அங்கே இருக்கவில்லை. அதனால்தான் இதை அச்சில் எழுதுகிறேன். அந்த எட்டை எண்ணியவன் நான். புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கும்போது, டொரத்தி அம்மா, அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள். முழுப் பெயர்: சிவஞானம்.