ஒரு காவல் போதாதவர்

ஆபத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு; அது சகஜம். ஆபத்து இன்னும் வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்தைத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். வாரம் தவறாமல் கடவுச்சொல்லை மாற்றி, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று எங்கும் எழுதி வைக்காமல், மறுநாளே தாமும் அதை மறந்து, தம் மின்னஞ்சலைத் தாமே திறக்க முடியாமல் திருதிருவென்று விழிக்கும்போதுகூட, "பாத்தியா, என்னாலயே உடைக்க முடியல!" என்று பூரித்துப்போவார்கள். இவர்களை என்ன செய்வது?

எனக்கு வாய்த்தவர் என் அக்காவின் கணவர். சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மேற்பார்வையிட அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கணினி. பாவம் அந்தக் கணினி. அதைவிடப் பாவம் என் அக்கா, ஏனென்றால் அவள் மொழிபெயர்ப்பாளர். அவள் பிழைப்பே அதற்குள்தான்.

அன்று மூன்று மணிக்குள் மருத்துவக் கருவி ஒன்றின் தொண்ணூறு பக்கக் கையேட்டை அவள் அனுப்பியாக வேண்டும். தவறினால் அடுத்த ஆறு கையேடுகளும் வேறு ஆளுக்குப் போய்விடும். வேறெங்கும் நகல் கிடையாது. நகல் எடுத்தால் திருடு போகும் என்பது அத்தானின் சட்டம். ஒரு மணிக்குக் கணினி விழுந்தது. திரை முழுக்க நீலம். தானாக எழுந்தது, மறுபடி நீலம். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

நான் போனபோது அத்தான் சிகிச்சையில் இருந்தார். செருகியைப் பிடுங்கி முப்பது எண்ணிவிட்டுச் செருகினார், மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினார், மின்விசிறிக் காற்று ஆகவில்லை என்று அதை நிறுத்தினார், கடைசியில் குற்றவாளியையும் கண்டுபிடித்தார்.

"உங்க அக்கா ஒவ்வொரு எழுத்தையும் குத்துறா. அதிர்ச்சியில படுத்துடுச்சு."

"திரையில என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"அதெல்லாம் சும்மா எழுதறது."

நான் படித்தேன். நீலத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு கோப்பின் பெயர். கைப்பேசியில் தேடிப் பார்த்தால், அது ஒரு பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர். அதாவது, கணினி கண் விழிக்கும் முன்பே அதன் அடிமடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் கோப்பு.

"இது எப்ப வந்தது?"

"இன்னிக்குக் காலையில," என்றார் பெருமையாக. "ஏற்கெனவே ஒருத்தன் காவல் இருக்கான். அவன் அசந்துட்டா?"

அவன் அசரவில்லை. புதிதாக வந்தவனைத் திருடன் என்று பிடித்தான். வந்தவன் இவனைத் திருடன் என்று பிடித்தான். இரண்டு காவல்காரர்களும் கட்டிப் புரண்டதில் வீடு இடிந்தது. அத்தான் நம்பினாரா? காவல்காரனைச் சந்தேகிக்கும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

அவசியமானவை மட்டும் ஓடும் 'சேஃப் மோடு' என்ற நிலையில் கணினியைத் திறக்கலாம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அதில் காவல் மென்பொருள்கள் ஓடா என்றதும் வெளிறியது.

"காவலே இல்லாம இருக்கறதுக்குப் பேரு சேஃபா?"

இணைய இணைப்பைப் பிடுங்கி, ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, எங்களை மெதுவாகப் பேசச் சொன்ன பிறகே அனுமதி கிடைத்தது. அந்தக் கோப்பின் பெயரை மாற்றி வைத்தோம். கணினி அதைத் தேடியது, காணவில்லை, நிம்மதியாகத் திறந்துகொண்டது. தொண்ணூறு பக்கமும் பத்திரம். அக்கா அழுதேவிட்டாள்.

மணி இரண்டு நாற்பத்தெட்டு. இணைப்பைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார் அத்தான்.

"இப்ப ஒருத்தன்தான் இருக்கான். ஒத்தை ஆளா உலகத்தையே சமாளிப்பானா? முதல்ல ரெண்டாமவனை ஏத்தணும்."

அக்கா கண்ணைத் துடைத்தாள். ஒயரைப் பிடுங்கினாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய மனிதரை முதுகில் கைவைத்து வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டாள்.

"அங்க பாதுகாப்பே இல்லடி!" வெளியிலிருந்து தட்டல்.

"நீங்க வெளிய இருக்கீங்களே, அது போதும்."

இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கையேடு போய்ச் சேர்ந்தது.

அத்தான் திருந்தினாரா? மூன்றரைக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எவனோ உள்ள நுழையப் பாத்திருக்கான். நம்ம புது சாஃப்ட்வேர் என்ன பண்ணுச்சு தெரியுமா? கம்ப்யூட்டரையே படுக்க வச்சுடுச்சு! எவனாலயும் தொட முடியல." பக்கத்து வீட்டுக்காரர் வாய் பிளந்து கேட்டுவிட்டு, அதன் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'உங்கள் கருவி ஆபத்தில் இருக்கிறது, உடனே இங்கே தொடவும்' என்று இந்த நிமிஷம் உங்கள் கைப்பேசியில் ஒரு வரி எட்டிப்பார்த்தால், நிதானமாக முழுவதையும் படித்துப் பார்ப்பீர்கள், அப்படித்தானே? பிறகு ஏன் சட்டைப் பையைத் தடவுகிறீர்கள்?