யோகோகாமாவுக்குத் தனி அந்தஸ்து கேட்ட கதை

அகராதியில் பிழையான சொல்லை எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மிகச் சரியான சொல்லைத் தேடி எடுத்து, அதை ஒலிவாங்கியில் சொல்லி, ஒரு மண்டபத்தையே இரண்டாகப் பிளந்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

அப்போது நான் ஜெர்மனியில், பான் நகரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வு முடியும் தறுவாய். ஜப்பானின் பெரிய நகரங்களுக்குக் கொடுக்கப்படும் சிறப்பு நிர்வாக அந்தஸ்து பற்றிய ஆய்வு அது. (ஏன் அந்தத் தலைப்பு என்று கேட்காதீர்கள். பேராசிரியர் மூன்று தலைப்புகள் தந்தார். மற்ற இரண்டும் கழிவுநீர் பற்றியவை.)

ஸ்டுட்கார்ட்டில் இருந்த அப்பாவுக்கு என் படிப்பு பெரிய தலையிடியாக இருந்தது. அவருடைய நண்பர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லி முடிக்கக்கூடிய படிப்புகளைப் படித்தார்கள். டொக்டர், இன்ஜினியர், அதுவும் இல்லையென்றால் வங்கியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி. அப்பாவின் நிலைமை வேறு.

"மகள் என்ன படிக்கிறா?"

"ஜப்பான்."

"ஜப்பானிலயோ?"

"இல்லை, பானில. ஜப்பானைப் பற்றி."

"ஏன்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஆகவே, தான் செயலாளராக இருந்த தமிழ்ச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னையே பேச வைப்பது என்று முடிவெடுத்தார். "நீ வந்து ஒருக்கா விளங்கப்படுத்திவிட்டா, பிறகு ஒருத்தரும் என்னட்டக் கேக்கமாட்டினம்" என்றார். அது மட்டும் அவர் சொன்னபடியே நடந்தது.

ஜெர்மனிக்கு வரும்போது நான் நடக்கப் பழகாத குழந்தை. என் வீட்டுத் தமிழில் சோறு, கோபம், பரீட்சை எல்லாவற்றையும் பற்றிப் பேசலாம். நகர நிர்வாகம் பற்றிப் பேச ஏலாது. அதனால் அகராதியோடு உட்கார்ந்தேன். ஜப்பான் பல பெரிய பிரிவுகளாகப் பிரிக்கப்பட்ட நாடு. அந்தப் பிரிவுக்குத் தமிழில் என்ன என்று தேடினால் 'மாகாணம்' என்று வந்தது. கம்பீரமான சொல். அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். அங்கே சாதாரண நகரம் பல காரியங்களுக்கு மாகாணத்தை எதிர்பார்த்து நிற்கும். ஐந்து லட்சம் பேருக்கு மேல் வாழும் பெரிய நகரம் என்றால், மத்திய அரசு ஓர் ஆணை போட்டு அதற்குச் சிறப்பு அந்தஸ்துக் கொடுக்கலாம். பிறகு மாகாணம் பார்த்த வேலைகளில் பெரும்பகுதியை நகரமே பார்க்கும். குழந்தைகள் நலம், வீதிகள், நகரத் திட்டம் எல்லாம் அதன் கையில். நகரத்தை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஓர் அலுவலகம் வைப்பார்கள். ஆனாலும் நகரம் மாகாணத்துக்குள்ளேதான் இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டே தனி அடுப்பு மூட்டுவது போல. இதைக் கேட்டு ஒரு மனிதருக்குக் கோபம் வரும் என்று நீங்கள் நினைப்பீர்களா?

'ஜப்பானில் அரசாணையால் பெயர் குறிக்கப்பட்ட மாநகரங்களின் நிர்வாக அதிகாரங்கள்' என்று நான் தலைப்புக் கொடுத்தேன். அப்பா வாசித்துவிட்டு, "இப்பிடிப் போட்டா நாலு பேர்தான் வருவினம். அதில மூண்டு பேர் நாங்கள்" என்றார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது: 'தனி அந்தஸ்து: ஜப்பான் எமக்குக் காட்டும் வழி.'

மண்டபம் நிரம்பி வழிந்தது. சுவர் ஓரமாகவும் ஆட்கள் நின்றார்கள். ஜப்பான் மேல் நம் மக்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று எனக்குப் புல்லரித்தது. (சேலை கட்டியிருந்தேன். புல்லரித்ததில் பாதி, அம்மா குத்திய ஊசிகள்.)

முதல் வரிசையில் துரை மாமாவும் சந்திரன் மாமாவும் இருந்தார்கள். மாமா என்பது மரியாதைக்கு. அம்மாவும் நானும் வருமுன், இருவரும் அப்பாவோடு அகதிகள் விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்குச் சீட்டு விளையாட வருவார்கள். நாலாவது கை அம்மா. துரை மாமா தம்பியை ஊரில் நடந்த போரில் இழந்தவர். எங்கள் மக்களுக்கு எல்லா உரிமையும் முழுசாக வேண்டும், அரைகுறையாக ஒன்றும் வேண்டாம் என்பவர். சங்கத் தலைவரான சந்திரன் மாமா, அரசு தருவதை முதலில் வாங்குவோம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்பவர். அந்த ஒரு விஷயத்தைத் தொடாமல் இருந்ததால்தான் அவர்களுடைய சீட்டாட்டம் அத்தனை வருடம் நீடித்தது. அப்போது இது எனக்குத் தெரியாது. வீட்டில் ஊர் அரசியல் தொடங்கினால் நான் அறைக்குப் போய்விடுவேன்.

பேசத் தொடங்கினேன். ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. என் தமிழில் சொக்கிப்போய் இருக்கிறார்கள் என்று நினைத்து, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

"ஜப்பான் ஒரு ஒற்றையாட்சி நாடு. மத்திய அரசு விரும்பினால் மாகாணத்தின் அதிகாரங்களை நகரத்துக்குக் கொடுக்கும். நகரம் பிரிந்து போகாது. மக்களும் திருப்தியாக வாழ்கிறார்கள்."

துரை மாமா எழுந்தார்.

"பிள்ளை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ. ஒற்றையாட்சிக்குள்ள சனம் திருப்தியா இருக்குது எண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம் மாமா." சந்தேகம் கேட்கிறார் என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி.

"மத்திய அரசு விரும்பினா அதிகாரம் குடுக்கும். விரும்பாட்டி?"

கொஞ்சம் யோசித்தேன். "விரும்பாட்டி குடுக்காது."

"இதைச் சொல்லவோ பிள்ளை பானில இருந்து ரயில் ஏறி வந்தனீங்கள்? இதை நாங்கள் பிறந்த நாள் தொடக்கம் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறம்!"

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். வேறு யாரோ "இருங்கோ, பிள்ளையைக் கதைக்க விடுங்கோ" என்று கத்தினார்கள். என் கையில் திரையைச் சுட்டிக்காட்டும் லேசர் விளக்கு இருந்தது. பதற்றத்தில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

துரை மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு மிக அமைதியாகச் சொன்னார்: "முதல்ல அந்தச் சிவப்பு லைட்டை என்ர நெஞ்சில இருந்து எடுங்கோ பிள்ளை."

மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். போரிலிருந்து தப்பி வந்த மற்றப் பாதி சிரிக்கவில்லை.

அந்த இடத்தில் நான் நன்றி சொல்லி இறங்கியிருக்கலாம். ஆனால் என்னிடம் இன்னும் ஒரு படம் இருந்தது. யோகோகாமா நகரம். துரை மாமாவைச் சமாதானப்படுத்த இதுதான் சரி என்று என் மூளை சொன்னது. "மாமா, எல்லா நகரமும் இதோட திருப்திப்படேல்லை. யோகோகாமா, இந்த அதிகாரம் காணாது, மாகாணத்தில இருந்து முழுசா விலகித் தனிய நிக்கவேணும் எண்டு கேக்குது."

துரை மாமாவின் முகம் மலர்ந்தது. "கேட்டியோ சந்திரன்! ஜப்பான்காரனே முழுசாக் கேக்கிறான்!"

இப்போது சந்திரன் மாமா எழுந்தார். கோபம் என் மேல் இல்லை, அப்பா மேல். "சங்கத்தில அரசியல் கதைக்கிறேல்லை எண்டு நீதானே எழுதி ஒட்டினனீ? இப்ப உன்ர மகளையே மேடையில ஏத்தி விட்டிருக்கிறாய்!"

"அது குப்பை அள்ளுறதையும் பள்ளிக்கூடத்தையும் பற்றின கதை அண்ணை" என்று அப்பா கெஞ்சினார். யாருக்கும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் எழுந்து நின்று கத்தினார்கள். யார் யாரைக் கேட்காமல் என்ன செய்தார் என்று சங்கத்தின் பழைய கணக்குகளெல்லாம் வெளியே வந்தன. அம்மா மண்டபத்துச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரோல்ஸ் ஆறுது, எல்லாரும் வாங்கோ" என்று கூப்பிட்டார். ஒருவரும் போகவில்லை. எங்கள் சமூகத்தின் புலம்பெயர் வரலாற்றில் மட்டன் ரோல்ஸ் மிஞ்சிய ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

கூட்டம் கலைந்ததும் காரில் வீட்டுக்குத் திரும்பினோம். சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா, "ஸ்டுட்கார்ட் மாதிரி எண்டு சொல்லியிருக்கலாமே" என்றார்.

உண்மைதான். ஸ்டுட்கார்ட்டும் எந்த மாவட்டத்துக்கும் கீழே வராமல் தன் காரியங்களைத் தானே பார்க்கும் நகரம். அதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போயிருப்பார்கள். இத்தனை காலம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

"மாகாணம் எண்டு சொன்னதில என்ன பிழை அப்பா?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

வீட்டுக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு, இறங்காமலே சொல்லத் தொடங்கினார். ஒற்றையாட்சி, மாகாணம், அதிகாரம் என்று நான் அகராதியிலிருந்து எடுத்து அடுக்கிய அதே சொற்களை வைத்துத்தான், அரசிடம் தமிழருக்கு உரிமை கேட்டு அவர்கள் மூவரும் இளவயதில் ஊர்வலம் போனார்கள், அடி வாங்கினார்கள், கடைசியில் ஊரைவிட்டே வந்தார்கள். விடுதி அறையில் ஒரு குளிர்காலம் முழுக்க இதைப் பேசிச் சண்டை பிடித்து, இனிமேல் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அப்பா தன் ஊரைப் பற்றி என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கேட்க எனக்கு முன்பு தோன்றியதும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாமாக்களும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பா செயலாளர் பதவியை விட்டார். சனிக்கிழமைகளில் கைபேசியில் தனியாகச் சீட்டு விளையாடினார். வெல்லும் ஒவ்வொரு தடவையும் அது "வாழ்த்துகள்" என்று ஜெர்மனில் சொல்லும். அப்பா அடுத்த ஆட்டத்தை அழுத்துவார். எனக்கு ஆய்வுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அதை வீட்டில் சொல்லவே வெட்கமாக இருந்தது. தமிழ்க் கடையில் என்னைக் கண்டால், "யோகோகாமா வந்திருக்கிறா" என்று ரகசியமாகச் சொன்னார்கள். (ரகசியம் என்பது அரிசி மூட்டை அடுக்கிய கடைசி மூலை வரைக்கும் கேட்கும்.)

சில வருடங்கள் போயின. நான் அப்பா வீட்டுக்கு வந்திருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் துரை மாமா, கையில் அழகாகச் சுற்றிய ஓர் இனிப்புப் பெட்டி.

"வாங்கோ துரை அண்ணை" என்றார் அப்பா.

துரை மாமா உட்கார்ந்தார். அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "மகளுக்கு ஜப்பானில வேலை கிடைச்சு, அவள் எங்களையும் கூப்பிட்டவள். எந்த ஊர் எண்டு நினைக்கிறியள்?"

"யோகோகாமாவோ மாமா?"

"வேற எது! பிளேனில ஏறினதில இருந்து உங்களைத்தான் நினைச்சனான். அந்த அந்தஸ்து எங்க கிடக்குது எண்டு பாக்கவேணும் எண்டு ஒரு பிடிவாதம். பேத்தியைப் பகலில பிள்ளைகள் காப்பகத்தில விட இடம் கேட்டு, மகள் வட்டார அலுவலகத்துக்குப் போனவள். நானும் போனன். வரிசையில இருந்தம். ஒரு பெட்டைப்பிள்ளை வந்து குனிஞ்சு கும்பிட்டு, கேட்டதைச் செய்து குடுத்தவள். வெளியில வந்தா நகரத்து பஸ், சொன்ன நேரத்துக்கு வருது. குப்பையைச் சொன்ன நாளில எடுக்கிறாங்கள். வேற ஒண்டையும் நான் காணேல்லை பிள்ளை."

"அவ்வளவுதான் மாமா அந்த அந்தஸ்து" என்றேன்.

துரை மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"பஸ் விடுறதும் பிள்ளைகளைப் பாக்கிறதும்தான் அதிகாரம் எண்டா, அதை எங்களுக்குத் தாறதுக்கு அவங்களுக்கு ஏன் மச்சான் அவ்வளவு பயம்?"

அப்பா எழுந்து போய் சந்திரன் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "துரை அண்ணை வந்திருக்கிறார், நீங்களும் வாங்கோ" என்று மட்டும் சொன்னார். அம்மா தேத்தண்ணி போட உள்ளே போனவர், நெடுநேரம் வெளியே வரவில்லை. அழுதுகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

எனக்கு இப்போது ஒரு நகரசபையில் வேலை. நான் கையெழுத்திடும் காகிதங்களில் பாதி குழந்தைகள் காப்பக இடங்கள் பற்றியவை. தமிழ்க் கூட்டங்களில் என்னை இன்னும் பேச விடுவதில்லை. நன்றியுரைகூட இல்லை. அப்பாவோடு ஸ்டுட்கார்ட்டில் பஸ்ஸுக்காக நிற்கும்போது அது பிந்திவிட்டால், அவர் மணிக்கூட்டைப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார்: "ஆருக்கு என்ன அதிகாரம் இருந்தென்ன பிள்ளை, முதல்ல பஸ் வரவேணும்."