சாக்பீஸ் லிஃப்ட்

எண்ணூர்க் கடற்கரைக் குடிசைவாசிகளை அடுக்குமாடியில் குடியமர்த்தும் முன், அதில் எப்படி வாழ்வது என்று அவர்களுக்குப் பயிற்சி அளித்தாக வேண்டும் என மேலிடத்தில் தீர யோசித்து முடிவாயிற்று. நியாயம்தானே! பாவம், இத்தனை காலம் தரையிலேயே வாழ்ந்துவிட்ட ஜனங்கள்.

குலுக்கலில் மீன்காரி சிலுவையம்மாளுக்கு ஆறாவது மாடி விழுந்தது. அவள் முழங்காலோ மடக்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது.

"சார், கீழ ஒரு வூடு காலியாத்தான கீது? அத்த குடு சார். மீன் கூடைய தூக்கிகினு ஆறு மாடி எப்டி ஏறுவேன்?"

"அதான் லிஃப்ட் இருக்கேம்மா!" என்றார் பயிற்சி அதிகாரி ரவிக்குமார்.

"எங்க கீது?"

இன்னும் வந்து சேரவில்லை. அதற்காகப் பயிற்சி நிற்குமா? ரவிக்குமார் தரைத்தளத்தில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார். சுவரில் பொத்தான்களும் வரைந்தார். உள்ளே நின்று, பொத்தானை அமுக்கி, மாடி வரும்வரை பொறுத்திருந்து வெளியே வர வேண்டும். சிலுவையம்மாள் கோட்டை மிதித்துவிட்டாள்.

"ஐயோ, கால் கதவுல மாட்டிக்கிச்சு! மறுபடியும் ஏறுங்க!"

ஒருவழியாகத் தேறினாள். 'லிஃப்ட் சிறப்பாக இயங்குகிறது' என்று மேலிடத்துக்கு அறிக்கையும் போயிற்று.

சாவி கொடுக்கப் பெரிய அதிகாரி வந்தார். அவரவர் வீட்டு வாசலில்தான் சாவி என்பது விதி. ஜனங்கள் இளைக்க இளைக்கப் படியேறினார்கள். சிலுவையம்மாள் மட்டும் கட்டத்துக்குள் நின்று, ஆறை அமுக்கி, கோட்டில் கால் படாமல் வெளியே வந்து, காலியாகக் கிடந்த கீழ் வீட்டு வாசலில் கையை நீட்டினாள்.

"ஆறாவது மாடி வந்துட்ச்சி சார். சாவி குடு."

பெரிய அதிகாரி ரவிக்குமாரைப் பார்த்தார். ரவிக்குமாருக்குத் தன் அறிக்கை நினைவுக்கு வந்தது. இல்லை என்று சொன்னால், லிஃப்ட் எங்கேயய்யா என்று கேட்பாரே!

"ஆமாம் சார், ஆறாவது மாடிதான்."

பெரியவருக்கும் படியேற மனசில்லை. "உயரத்துல நல்ல காத்து!" என்று சாவியைக் கொடுத்தார். ஆறாவது மாடி என்றே பதிவாயிற்று.

சிலுவையம்மாளைக் கையில் பிடிக்க முடியவில்லை. "அவங்க ரூட்லயே போய் மடக்கினேன் பாத்தியா!" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், மீன் கூடை மிதக்கிறது. போன் போட்டாள்.

"சார், வூட்டுக்குள்ள வெள்ளம் சார்! போட் ஒண்ணு அனுப்பு சார்!"

"ஆறாவது மாடியிலயா?" ரவிக்குமார் பதறிப்போனார். "அப்படின்னா மெட்ராஸே முழுகியிருக்கணுமேம்மா! எனக்குத் தகவல் எதுவும் வரலியே. பயப்படாதீங்க. லிஃப்ட்ல கீழ இறங்கி வாங்க, சாப்பாட்டுப் பொட்டலம் தர்றோம்."

சிலுவையம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"கோடு அழிஞ்சி பூட்ச்சி சார்."

"அடடா, லிஃப்ட் ரிப்பேரா?" என்று மனசார வருந்தினார் ரவிக்குமார். "அப்ப படியிலயே இறங்கி வந்துடுங்கம்மா. முழங்கால் பத்திரம்."